வடா பாவ், போண்டா: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விருதுநகர்க்காரன். வேலைக்காக மும்பை வந்து மூன்று வருடம் ஆகிறது. முலுண்டில் இருக்கிறேன். போன வாரம் ஆபீசில் டீ நேரத்துப் பேச்சு ஒன்று சண்டையில் போய் முடிந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் மராத்தி நண்பர் எல்லோருக்கும் வடா பாவ் வாங்கிவந்தார். "இது எங்க ஊர்ப் பலகாரம். 1966-ல தாதர்ல ஒருத்தர் கண்டுபிடிச்சது" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது எங்க உருளைக்கிழங்கு போண்டா. அதை பன்னுக்கு நடுவில வெச்சா கண்டுபிடிப்பாயிருமா? அம்பதுகள்ல மாட்டுங்காவுக்கு வந்த தமிழ் ஆட்கள்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டதுதானே" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாவைக் காலால் மிதித்துப் பிசைவதால்தான் 'பாவ்' என்று பெயர் வந்ததாக வாட்ஸாப்பில் ஒன்று சுற்றுகிறது. நீங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர். யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள். அப்படியே எங்கள் பக்கத்தில் நல்ல வடா பாவ் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
செ., முலுண்ட்

அன்புள்ள செ.,

உங்கள் நண்பர் பக்கம்தான் நியாயம் அதிகம். அவர் சொன்ன வருடத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த வருடத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் போண்டா விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் சண்டையை ஆரம்பித்தது நீங்கள்.

நம் வீட்டு உருளைக்கிழங்கு போண்டாவை நினைத்துப் பாருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு மசித்த கிழங்கு. மசால்தோசைக்குள் வைக்கிற அதே மசால்தான். உருட்டி, கடலைமாவில் முக்கி எண்ணெயில் விட்டால் எலுமிச்சை அளவுக்கோ கொஞ்சம் பெரிதாகவோ உருண்டையாக வரும். தேங்காய்ச் சட்னி தொட்டுச் சாப்பிடுவோம். பாவுக்குள் வைக்கிற வடாவுக்குப் படாடா வடா என்று பெயர். அதில் பூண்டுதான் ராஜா. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் மூன்றையும் நசுக்கி எண்ணெயில் விட்ட உடனே எழும் வாசம் தெரு முனைக்கு வரும். வெங்காயம் பல கடைகளில் கிடையாது. உருண்டையை உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிடுவார்கள், பாவுக்குள் வைத்து அமுக்கும்போது பிதுங்காமல் இருக்க. நம் ஊர் ஓட்டல் போண்டாவைப் பாவில் வைத்துக் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் மும்பைக்காரர் யாரும் தின்னமாட்டார். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. பாவின் வெறும் சுவையைத் தூக்கி நிறுத்த பூண்டும் வறுத்த மிளகாயும் வேண்டும்.

இரண்டும் சொந்தக்காரப் பலகாரங்கள்தான், அதை மறுக்கவில்லை. 'வடை' என்ற சொல்லும் சங்கதியும் தக்காணம் முழுக்க வெகுகாலமாக இருப்பவை. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மானசோல்லாச'த்தில் வடையும் இட்லி போன்ற ஒரு பண்டமும் வருகின்றன. அந்தக் கல்யாணி இன்றைக்குக் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், மகாராஷ்டிர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு 'வடை எங்களுடையது' என்று கன்னடமும் மராத்தியும் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே சொல்லலாம்.

ஆனால் அந்த வடையில் கிழங்கு கிடையாது, மிளகாயும் கிடையாது. இரண்டும் போர்த்துகீசியர் கப்பலில் வந்தவை. மராத்தியில் உருளைக்கிழங்குக்கு 'படாடா' என்று பெயர். அது அப்படியே போர்த்துகீசியச் சொல். நமக்கோ வந்த பொருளுக்குப் பெயர் இல்லை, உருண்டையாக இருந்ததால் உருளைக்கிழங்கு என்றோம். மிளகைப் போல உறைத்த காய் என்பதால் மிளகாய் என்றோம். பெயரைத் தமிழில் வைத்துக்கொண்டதால் பொருளும் ஆதியிலிருந்தே நம்முடையது என்று தோன்றிவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில்தான் கிழங்கு பரவலாகப் பயிரானது. போண்டாவுக்குள் கிழங்கு புகுந்தது அதற்குப் பிறகுதான், படாடா வடாவுக்குள்ளும் அப்படியே. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

மாட்டுங்காவுக்குத் தமிழர்கள் வந்த காலமும் நீங்கள் சொன்னது தப்பு. 1920கள், 30களிலேயே அங்கே குடியேறிவிட்டார்கள். ராம நாயக்கின் உடுப்பி ஓட்டல் 1942-ல் அங்கே வந்தது. தாராவித் தோல் கம்பெனிகளுக்கு நம் திருநெல்வேலி ஆட்கள் வந்தது அதற்கும் முன்னால்.

அடுத்தது பாவ். காலால் மிதிப்பது என்பது கட்டுக்கதை. போர்த்துகீசிய மொழியில் ரொட்டியின் பெயரே கிட்டத்தட்ட 'பாவ்'தான். 1534-லிருந்து பம்பாய்த் தீவுகள் போர்த்துகீசியர் கையில் இருந்தன. 1661-ல் தங்கள் இளவரசிக்குச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆட்சி போனது, ரொட்டி தங்கிவிட்டது. கோவாவிலும் வசாயிலும் இருந்த கத்தோலிக்க அடுமனைக்காரர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பிறகு இரானிக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கோவாவில் ஈஸ்ட் கிடைக்காத நாளில் மாவைப் பொங்கவைக்க அவர்கள் ஊற்றியது தென்னங்கள். நம் பக்கத்தில் ஆப்ப மாவுக்கு ஊற்றுவார்களே, அதே கள். கோவாவின் ரொட்டிக்காரரைப் 'பொதேர்' என்பார்கள். கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு விடிகாலையில் வருவார். தாராவியிலிருந்து கிளம்புகிற நம் இட்லிக்கார அண்ணன்களும் அதே ஹாரனைத்தான் அமுக்கிக்கொண்டு போகிறார்கள். முதன்முதலில் கோவா போனபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு, இட்லிதான் வந்துவிட்டது என்று பாத்திரத்தோடு வாசலுக்குப் போனேன்.

இனி 1966. தாதர் ஸ்டேஷன் வாசலில் படாடா வடா விற்றுக்கொண்டிருந்தவர் அசோக் வைத்யா. பக்கத்தில் ஆம்லெட் பாவ் விற்ற கடை ஒன்று. அங்கிருந்த பாவைக் கீறி, தன் வடாவை உள்ளே வைத்துச் சட்னி தடவிக் கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. அதே காலத்தில் சுதாகர் மாத்ரே என்பவரும் இதை விற்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இரண்டு பெயர்கள் இருப்பது எனக்கு உறுத்தவில்லை. தேவை ஊர் முழுக்க இருக்கும்போது நாலு இடத்தில் நாலு கைக்கு ஒரே யோசனை வரும்.

அந்தத் தேவை என்னவென்று தெரியத் தாதரில் ஒருநாள் சாயங்காலம் நின்று பார்க்க வேண்டும். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் ஒட்டி ஓடுகிற இடம். தெற்கே பரேல், லால்பாக், வர்ளி என்று மில்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர், ஷிப்டுக்குப் போகிறவர், வண்டி மாறுகிறவர் எல்லோரும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். உட்கார நேரம் இல்லை, ஓட்டலுக்குள் போகக் காசும் இல்லை. வடாவை மட்டும் தின்றால் வயிறு நிறையாது, கையும் எண்ணெய். பாவுக்குள் வைத்துவிட்டால் ஒரு கையில் பிடித்துத் தின்னலாம், இன்னொரு கை வண்டிக் கம்பியைப் பிடிக்கும். தட்டு வேண்டாம், கழுவத் தண்ணீர் வேண்டாம். விற்கிறவருக்கும் ஒரு வண்டி, ஒரு அடுப்பு, ஒரு கடாய் போதும். வடாவும் பாவும் ஏற்கெனவே இருந்தவைதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், இருந்தன. ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்கி, இந்த நகரத்தில் ஓடுகிறவன் கைக்குப் பொருத்தமாக்கிக் கொடுத்தது பெரிய காரியம். உங்கள் நண்பர் பெருமைப்படுவதில் ஒரு குறையும் இல்லை.

வடா அதற்கு முன்பே இருந்தது என்பதற்கு, புனே போகிற பாதையில் மலையடிவாரத்தில் இருக்கும் கர்ஜத் ஸ்டேஷனே சாட்சி. எங்கள் சின்ன வயதில் ஊருக்குப் போக மெட்ராஸ் மெயிலில் ஏறினால், போர் காட் மலை ஏறுவதற்காகக் கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் ஜன்னலோரம் திவாட்கர் வடா வந்துவிடும். காகிதத்தில் சுற்றிய சூடான வடா, ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் பூண்டுப் பொடி. அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முதலில் அதைத்தான் வாங்குவார். எனக்கு ஊருக்குப் போகிற சந்தோஷம் என்றால் அந்த வாசம்தான்.

1966 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதே வருடம் ஜூன் 19 அன்று சிவசேனா தொடங்கியது. அப்போது அவர்கள் எதிரியாகக் காட்டியது நம்மை. அதன் தலைவர் பால் தாக்கரே 1960-லிருந்து நடத்திவந்த 'மார்மிக்' பத்திரிகையில், அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டார்கள். 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' (ஊதலை ஊது, லுங்கியை விரட்டு) என்ற கோஷம் தெருத் தெருவாகப் போனது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த ஓட்டல்காரர்கள் பெரும்பாலும் மங்களூர்ப் பக்கத்துத் துளு, கன்னடக்காரர்கள். ஆனால் அன்றைய பேச்சில் விந்தியத்துக்குத் தெற்கே எல்லோரும் மதராசிதான்.

அந்த நாட்களில் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போகமாட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வேலைக்குக் காற்சட்டைதான் போடுவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகையிலும் காற்சட்டை போட்டார் என்பதுதான் அவளுக்கு ஆறாத வருத்தம். பஸ்ஸில் அம்மாவும் பெரியம்மாவும் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சு.

தெருவோரம் வண்டி போட்டுப் பிழைக்கச் சொல்லி மராத்தி இளைஞர்களைப் பால் தாக்கரே தூண்டினார். உடுப்பி ஓட்டல் இட்லி தோசைக்கு எதிரில் மராத்தி வண்டியின் வடா பாவ் என்று ஆனது. பின்னாளில் சிவ் வடா பாவ் என்ற பெயரிலேயே வண்டிகள் நின்றன. ஆக, நீங்கள் 'எங்க போண்டா' என்று சொன்னபோது உங்கள் நண்பருக்கு அது வெறும் பலகாரப் பேச்சாகக் கேட்டிருக்காது. நமக்கும் அது வெறும் பலகாரம் இல்லை. நம்மை விரட்டச் சொன்ன கொடிக்குக் கீழே விற்ற சாப்பாடு அது.

ஆனாலும் அப்பா அதைத் தின்றார். தோல் கம்பெனியில் இரவு வேலை முடிந்து வரும்போது மராத்திப் பத்திரிகைத் தாளில் சுற்றி எங்களுக்கும் வாங்கி வருவார். தாளில் எண்ணெய் ஊறி எழுத்து பாவில் படிந்திருக்கும். அந்த எழுத்தைத் தடவித்தான் நான் தேவநாகரி படிக்கக் கற்றுக்கொண்டேன். விற்றவர் யார், எந்தக் கட்சி என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "அவனும் நம்மள மாதிரி ராத்திரி நிக்கான்" என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

எங்களுக்கு நேரே எதிர்வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம் இருந்தது. நாங்கள் அப்போது சயன் கோலிவாடாவுக்கு மாறியிருந்தோம். அந்த வீட்டுக்காரரைக் காகா என்றும் அவர் மனைவியைக் காகூ என்றும் கூப்பிடுவோம். காகாவுக்குப் பரேலில் ஒரு மில்லில் லூம் வேலை. வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்றதால் காது பாதி போயிருந்தது. வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய 2.5 லட்சம் தொழிலாளர்கள். இரண்டு மாதத்தில் முடியும் என்றார்கள், முடியவே இல்லை. முறையாக அதை யாரும் முடித்துவைக்கவும் இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஊரிலிருந்து வந்து தனியாக இருந்த ஆட்களுக்குச் சோறு போட்டுப் பிழைத்த கானாவள் பெண்களின் பிழைப்பும் கூடவே போனது. அந்தப் பெண்களைச் சேர்த்துப் பிரேமா புராவ் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டல் ஆரம்பித்திருந்தார். மில்காரர்களுக்குச் சாப்பாடு போட்ட கதை என்றால் அவர்களை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

வேலை போன வீடுகளில் பலர் வடா பாவ் வண்டி போட்டார்கள். காகாவும் போட்டார். அந்த வண்டிக்குப் பின்னால் இருந்த உழைப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காகூ மத்தியானமே கிழங்கை வேகவைத்து, சூடு ஆறுமுன் கையாலேயே தோலுரிப்பாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். கொப்பரையைத் துருவி வெறும் வாணலியில் வறுத்து, பூண்டும் மிளகாய்த் தூளும் உப்பும் போட்டு இரும்பு உரலில் இடிப்பாள். அரைத்தால் பசையாகிவிடும், இடித்தால்தான் பூண்டெண்ணெய் கசிந்து பொடி உதிரியாக நிற்கும். மாவு கரைக்கும்போது ஒரு கரண்டி காய்ந்த எண்ணெயை அதில் ஊற்றுவாள், சுர்ரென்று ஒரு சத்தம் வரும். சாயங்காலம் காகா ஸ்டேஷன் பக்கம் வண்டியை நிறுத்தி, மாவில் ஒரு துளியை எண்ணெயில் விடுவார். அது அடியில் தங்காமல் உடனே மேலே வந்தால் வடா போடுவார். விரலிலிருந்து சொட்டிப் பொரிந்த மாவுத் துணுக்குகளை அரித்தெடுத்துத் தனியே வைப்பார். சூரா என்பார்கள். காசு குறைவாக இருக்கும் பையன்களுக்குப் பாவுக்குள் அந்தச் சூராவையும் பொடியையும் வைத்துக் கொடுப்பார். தாதரில் கீர்த்தி காலேஜ் பக்கம் இன்றைக்கும் வடா பாவோடு சூரா போடுகிறார்கள். உப்பில் புரட்டிய வறுத்த பச்சை மிளகாய் ஒன்று, கேட்டால் இன்னொன்று. அவருக்குக் காது கேட்காது என்பதால் எத்தனை வேண்டும் என்று எல்லோரும் விரலைத்தான் காட்டுவார்கள். தறியில் நூல் அறுந்தால் ஒட்டுகிற அதே விரல்கள் எண்ணெய் தெறித்துத் தெறித்து ஒரு வருடத்தில் புள்ளி புள்ளியாகக் கருத்துப்போயின.

பலகாரம் எங்கே பிறந்தது என்று கேட்டால் தாதர், 1966 என்று நானும் சொல்வேன். ஆனால் அது இந்த ஊர்ச் சாப்பாடாக ஆனது காகா காகூ மாதிரி ஆயிரக்கணக்கான பேர் வேறு வழியில்லாமல் அடுப்பை மூட்டிய அந்த வருடங்களில்தான் என்பது என் எண்ணம்.

நம் தாராவியில் பெண்கள் விடியுமுன் எழுந்து முறுக்குப் பிழிகிறார்கள், இல்லையா? அது சக்லி என்ற பெயரில் ஊர்க் கடைகளுக்கெல்லாம் போகிறது. மராத்தி வீடுகளிலும் தீபாவளிக்குச் சக்லி உண்டு. பல தானியங்களை வறுத்தரைத்த பாஜணி மாவில் செய்வது, நம் அரிசிமாவு முறுக்கு வேறு. தாராவி முறுக்கை மராத்தி வீட்டுச் சக்லி என்று யாராவது சொன்னால் பிழிகிறவள் மனசு நோகும். அதே மாதிரிதான் காகூவின் வடாவை நாம் போண்டா என்று சொல்வதும்.

உங்கள் நண்பரிடம் நாளைக்கே பேசிவிடுங்கள். நல்ல கடை கேட்டிருந்தீர்கள். முலுண்டிலிருந்து ஒரே ஸ்டேஷன், தானே. அங்கே கஜானன் வடா பாவ் என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கடலைமாவில் செய்த மஞ்சள் சட்னி ஒன்று தருவார்கள், வேறு எங்கும் அந்த ருசி இல்லை. சாயங்காலம் கூட்டமாக இருக்கும், கொஞ்சம் முன்னால் போங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு நீங்கள் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா